கூப்பன் காலத்து மணப்பெண்

கூப்பன் என்னும் சொல் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. ஆயினும், மணக்கோலத்திற்கே கூப்பன் கணக்குப் பார்த்த பெண்களும் உலகில் இருந்தனர்.

பிரித்தானியாவில் 1941 ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி உடைப் பங்கீடு ஆரம்பமாயிற்று. முதலாண்டில் ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். கம்பளிச் சட்டை ஒன்றுக்கே 11 போய்விடும். சப்பாத்தும் காலுறையும் எஞ்சியவற்றுள் அடங்கவேண்டும். ஒருநாள் உடுக்கும் வெண்ணிற ஆடைக்கு எங்கே போவது?

மணப்பெண்ணே ஊசியை எடுத்தாள். தாயின் பழைய மணவாடையைப் பிரித்துத் தன் அளவுக்குத் தைத்தாள். யுத்தம் முடிந்தபின் பரசூட் பட்டும் மணவாடையாயிற்று. முக்கோணத் துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் இணைப்பது எளிதன்று.

கேக்கின்மேல் சீனிப் பூச்சு 1940 இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே, சிறிய கேக்கின்மேல் அடுக்கடுக்கான வெண்ணிற மட்டை மூடியைக் கவிழ்த்தார்கள். மூடியைத் தூக்கினால், அயலவர் தத்தம் பங்கிற் கிள்ளிக்கொடுத்த சீனியிலும் உலர்பழத்திலும் உருவான சிறு கேக்!

எல்லாம் ஆயத்தமான பின்னரும் மணமகன் வருவானோ என்ற ஏக்கம். போர்வீரனின் விடுமுறை சில நாட்களே. அதுவும் இறுதி வேளையில் இரத்தாகலாம். மணமான சில நாளில் அவன் போர்முனைக்குத் திரும்புவான். அவ்வாறு சென்றவர் எல்லோரும் மீளவில்லை.

மணவாடையோ பெட்டியில் உறங்கவில்லை. தங்கைக்கும் தோழிக்கும் கைமாறிற்று. 1949 மார்ச்சில் உடைப் பங்கீடு நீங்கியது.

கடன்பட்டுக் கலியாண மண்டபம் தேடும் நாம் ஒன்றைச் சிந்திக்கலாம்: அந்தக் கலியாணங்களிற் போலியாயிருந்தது கேக்கின் மூடி ஒன்றுதான்.