ஒட்டகத்தின் இரத்தப் பரிசோதனை

கால்நடைகளினின்று மனிதருக்குத் தொற்றும் நோய்கள் சில, மனிதர் நோயுற்ற பின்னரே வெளிப்படுகின்றன. மெர்ஸ் என்னும் சுவாச நோய் அத்தகையது. 2012-ஆம் ஆண்டில், சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் இறந்த நோயாளி ஒருவரிடத்தில், அதுகாறும் அறியப்படாத கொரோனா வைரஸ் கண்டறியப்பட்டது. அஃது எவ்விலங்கினின்று வந்தது என்பதே அடுத்த வினாவாயிற்று. ஒட்டகத்துக்கு இத்தொற்றினால் மூக்குச் சளியன்றி வேறு குறி பெரும்பாலும் தோன்றாது. ஆதலின் கண்ணாற் கண்டு துணிய இயலவில்லை. இரத்தப் பரிசோதனையே துணை செய்தது.

கிருமி உடலிற் புகுந்தால், அதனைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உண்டாகின்றன. கிருமி நீங்கிய பின்னும் அவை தங்கியிருக்கும். உறைந்த இரத்தத்தினின்று பிரியும் தெளிநீரை, வைரஸின் புறப்புரதம் பதித்த தட்டில் இட்டால், உரிய எதிர்ப்பொருள்கள் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஏனையவை கழுவுங்கால் நீங்கிவிடும். வேறு கொரோனா வைரஸ்களும் கால்நடைகளுக்கு உண்டாகையால், ஒன்றை மற்றொன்றாகக் கருதி மயங்குதல் கூடும். ஆகவே தெளிநீரை உயிருள்ள வைரஸுடன் கலந்து, அது வைரஸின் செயலை அடக்குகின்றதா என்று பார்த்து உறுதி செய்வர்.

2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், ஓமன் நாட்டு ஒட்டகங்கள் 50-இல் 50-ம், கானரித் தீவுகளின் ஒட்டகங்கள் 105-இல் 15-ம் எதிர்ப்பொருள் உடையனவாயிருந்தன. உடன் சோதிக்கப்பட்ட ஐரோப்பிய மாடுகள், ஆடுகள் 160-இல் ஒன்றிலேனும் அது காணப்படவில்லை. சோமாலியாவில் 1983-ஆம் ஆண்டில் எடுத்துச் சேமித்திருந்த ஒட்டகத் தெளிநீரிலும் பின்னர் அது காணப்பட்டது. எனவே கிருமி புதிதன்று. மனிதர் அதனை அறிந்ததே புதிது.

இப்பரிசோதனையின் முடிவைப் பிழைபடக் கொள்ளலாகாது. எதிர்ப்பொருள், முன்னர்த் தொற்று நேர்ந்தமைக்குச் சான்றேயன்றி, இன்று நோய் பரப்புவதற்குச் சான்றாகாது. அதனை அறிய மூக்குச் சளியைச் சோதித்தல் வேண்டும். வளர்ந்த ஒட்டகங்களில் எதிர்ப்பொருளும், கன்றுகளில் வைரஸும் மிகுதியாகக் காணப்படுகின்றன. எனினும் எதிர்ப்பொருளுடைய ஒட்டகமும் மீண்டும் தொற்றை ஏற்கக்கூடும்.

எதிர்ப்பொருள் கண்டவற்றையெல்லாம் கொல்லப் புகுந்தால், வளர்ப்போர் தம் மந்தையையே இழப்பர். அசட்டையாயிருத்தலும் தகாது; அறிவிக்கப்பட்ட மெர்ஸ் நோயாளிகளுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் இறந்துள்ளனர். ஒட்டகத்தைத் தொட்டபின் கைகழுவுதல், பாலைக் காய்ச்சியே அருந்துதல், இறைச்சியை நன்கு வேகவைத்தல் ஆகியன வேண்டும். நீரிழிவு, சிறுநீரக நோய், நுரையீரல் நோய் உடையோர் ஒட்டகத்தை நெருங்காதிருத்தல் நலம்.