பச்சைத் தாளில் தப்பிய கணக்கு

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டெசி என்றோர் இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1979 முதல் 1986 வரை எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் மோதவிட்டு ஆராய்ந்த குழுக்களில் ஒன்று ஜேட். மோதல்கள் எல்லாம் காந்த நாடாக்களில் பதிவாயின. ஆய்வு முடிந்தது, கட்டுரைகள் வெளியாயின, குழு கலைந்தது. நாடாக்கள் மிஞ்சின.

பத்தாண்டு கழிந்த பிறகு அந்த நாடாக்களுக்கு மதிப்பு கூடியது. அணுக்கருவைப் பிணைத்து வைத்திருக்கும் வலிய விசை, ஆற்றல் கூடக் கூட வலு குறையும் என்பது கோட்பாடு. அதைச் சோதிக்க உயர்ந்த ஆற்றலில் நடந்த மோதல்களும் வேண்டும், தாழ்ந்த ஆற்றலில் நடந்தவையும் வேண்டும். உயர்ந்தவற்றை ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் லெப் எந்திரம் தந்துகொண்டிருந்தது. ஜேட் பார்த்த ஆற்றலில் மோதவிட அப்போது எந்திரம் இல்லை. கோட்பாட்டுக் கணக்குகளோ வெகுவாக முன்னேறியிருந்தன. முன்னாள் ஜேட் ஆய்வாளர் சீக்ஃப்ரீட் பெத்கேவும் சகாக்களும் பழைய தரவை மறுபடி ஆராய முனைந்தார்கள்.

நாடாவில் எண்கள் பத்திரமாக இருந்தன. அவற்றைப் படிக்கும் மென்பொருள், காலாவதியான ஐபிஎம் பெருங்கணினிக்காக ஃபோர்ட்ரானிலும் அதன் கிளைமொழிகளிலும் எழுதப்பட்டது. அதை உயிர்ப்பிப்பதே பெரும்பாடு. அதைவிடப் பெரிய இடி, லூமினாசிட்டி கோப்பைக் காணோம். துகள் கற்றைகள் எவ்வளவு அடர்த்தியாக, எவ்வளவு நேரம் மோதின என்ற கணக்கு அது. அது இல்லாவிட்டால், பதிவான நிகழ்வுகளின் எண்ணிக்கையை வைத்து எந்த நிகழ்வு எத்தனை அரிது என்று சொல்ல வழியில்லை. தனி ஒருவரின் கணினிக் கணக்கில் அந்தக் கோப்பு இருந்ததால், ஆய்வகம் காப்பகம் அமைத்தபோது அதில் சேராமல் போயிற்று.

1997-இல் பழைய உறுப்பினர் ஒருவர் தம் அலுவலக அறையை ஒழித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பின் அச்சுப்பிரதி அங்கே கிடைத்தது. மறுசுழற்சி செய்த பச்சைத் தாள் அது. ஸ்கேன் செய்தால் எழுத்துணரி மென்பொருளால் படிக்க முடியாது. ஜெர்மனியின் ஆகன் நகரில் ஓர் அலுவலகச் செயலர் நான்கு வாரம் உட்கார்ந்து எண் எண்ணாகத் தட்டச்சு செய்தார். செக்சம் என்னும் சரிபார்ப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நான்கே நான்கு பிழைகள் தென்பட்டன, அவற்றையும் திருத்திவிட்டார்கள். வலிய விசை பற்றிய புதிய ஆய்வுக் கட்டுரைகள் அந்தத் தரவிலிருந்து பிறந்தன. இயற்பியல் அந்தத் தட்டச்சுக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் தொலைப்பது பெரும்பாலும் தரவை அல்ல, தரவைப் பற்றிய அறிவைத்தான். இதை முதலில் அழுத்தமாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் செர்னில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்தவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் 1989 மார்ச்சில் மேலதிகாரியிடம் கொடுத்த காகிதத்தின் தலைப்பு 'தகவல் மேலாண்மை' என்பதும், உலகை இணைப்பதைவிட ஒரு நிறுவனத்தின் உள்வீட்டுச் சிக்கலைத் தீர்ப்பதே அதன் நோக்கம் என்பதும் பலருக்குத் தெரியாது.

செர்னில் பல ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். ஆனால் ஒருவர் தங்குவது சராசரியாக இரண்டே ஆண்டு. வந்தவருக்கு இடம் பிடிபடுவதற்குள் அடுத்தவர் கிளம்பிவிடுவார். இந்த நிரலை எழுதியது யார், இந்தக் கருவியை நம்பி எந்தெந்த அமைப்புகள் ஓடுகின்றன, இந்த ஆவணத்தைக் குறிப்பிடும் மற்ற ஆவணங்கள் எவை என்பவைதாம் அங்கே அன்றாடக் கேள்விகள். விடை எங்கோ எழுதப்பட்டிருக்கும், எடுக்கத்தான் முடியாது.

அன்றைய தீர்வுகள் இரண்டையும் அவர் விமர்சித்தார். ஒன்று, கோப்புறைக்குள் கோப்புறை என்று கிளை பிரியும் அடுக்கு. நிஜத்தில் ஒரு காந்தம் பற்றிய அறிக்கை மின்சாரப் பிரிவுக்கும் உரியது, குளிரூட்டும் பிரிவுக்கும் உரியது. கிளை அடுக்கில் அதற்கு ஒரே இடம்தான். இரண்டு, குறிச்சொற்கள். இரண்டு பேர் ஒரே பொருளுக்கு ஒரே குறிச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் விஷயம் ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அவை உதவும். எந்த ஆவணத்திலிருந்தும் எந்த ஆவணத்துக்கும் இணைப்புப் போட வழி வேண்டும் என்றார் அவர். தெளிவில்லை, ஆனாலும் உற்சாகமூட்டுகிறது என்று காகிதத்தின் மேல் குறித்து வைத்தார் மேலதிகாரி மைக் செண்டால்.

1990 இறுதியில் நெக்ஸ்ட் கணினி ஒன்றில் முதல் வலை சர்வர் ஓடியது. செர்ன் ஊழியர்களை அதன் பக்கம் இழுத்தது இயற்பியல் அல்ல, அலுவலகத் தொலைபேசிப் பட்டியல். ஓர் எண்ணைப் பார்ப்பதற்காகவே பலர் பெருங்கணினியில் நுழைந்து ஒரு சாளரத்தைத் திறந்தே வைத்திருந்த காலம் அது. உள்ளடக்க மேலாண்மைக்கென்று கோடிக்கணக்கில் செலவழித்து மென்பொருள் வாங்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊழியர் தினமும் தேடும் சின்ன விஷயம் கைக்கு எட்டினால்தான் அந்த அமைப்பை அவர்கள் நம்பித் தம் ஆவணங்களைப் போடுவார்கள்.

அந்த செர்னே உலகின் முதல் வலைப்பக்கத்தைத் தொலைத்துவிட்டது. பக்கத்தில் திருத்தம் செய்யும்போதெல்லாம் பழையது அழிந்து புதியது வந்தது. முந்தைய பதிப்பை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. 2013-இல் முதல் வலைத்தளத்தை அதே முகவரியில் மீட்டபோது, செர்னின் கையில் இருந்த பழைய பிரதி 1992-ஐச் சேர்ந்தது. திருத்தத்துக்குத் திருத்தம் பதிப்பு வைக்கும் முறை இன்று சாதாரணமாகிவிட்டதால், ஒரு காலத்தில் அது இல்லாமல் எவ்வளவு போயிற்று என்பதை நாம் உணர்வதில்லை.

செர்னின் வட்டு நினைவகம் 2023-இல் ஓர் எக்சாபைட்டைத் தாண்டியது. அதாவது பத்து லட்சம் டெராபைட். நெடுங்காலச் சேமிப்புக்கு இன்றும் காந்த நாடாதான். நாடாவையும் அப்படியே விட்டுவிடுவதில்லை. புதிய தலைமுறை நாடா வரும்போது பழையவற்றை முழுக்கப் படித்து, சரிபார்த்து, மாற்றி எழுதுகிறார்கள். ஆனால் ஜேட் கற்றுக்கொடுத்த பாடம் நாடாவைப் பற்றியதல்ல, அதில் உள்ளதைப் படிக்கும் அறிவைப் பற்றியது. 2014 நவம்பரில் செர்ன் தன் திறந்த தரவுத் தளத்தைத் தொடங்கியது. செர்னில் மோதல்களை ஆராயும் குழுக்களில் ஒன்றான சிஎம்எஸ் தன் மோதல் தரவை அங்கே வெளியிட்டபோது, அதைப் படிக்கும் மென்பொருள், அந்த மென்பொருள் ஓடுவதற்கு வேண்டிய கணினிச் சூழல் முழுவதும் அடங்கிய மெய்நிகர் எந்திரம், மாதிரி ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி தாலரும் சகாக்களும் 2017-இல் அந்தத் தரவைக் கொண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் அந்தக் குழுவின் உறுப்பினர்கள் அல்லர். குழுவுக்கு வெளியே இருக்கும் ஒருவரால் தரவைப் பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் ஒரு காப்பகத்துக்கு வைக்கக்கூடிய உண்மையான தேர்வு. சிஎம்எஸ் அதில் தேறியது.

இதே சிக்கல் தமிழ் அலுவலகங்களிலும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் வானவில், பாமினி, டாப், டாம் என்று எத்தனையோ எழுத்துருக்களிலும் குறியேற்றங்களிலும் தட்டச்சு செய்தோம். ஒவ்வொன்றிலும் ஒரே குறியீட்டு எண்ணுக்கு வேறு வேறு எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிறுக்கலாகத் தெரியும். கோப்பில் ஒரு பைட்கூட அழியவில்லை. எந்த எழுத்துரு என்ற ஒற்றைத் தகவல் போய்விட்டது, அவ்வளவுதான். தமிழக அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் பதிப்பகங்களிலும் கல்லூரிகளிலும் சங்கங்களிலும் அலுவலகங்களிலும் குறுந்தகடுகளிலும் பழைய வட்டுகளிலும் இன்னமும் இருக்கின்றன.

தெரிந்த எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்று சொல்லக்கூடியவர்கள் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த மாதமே அவரோடு உட்காருங்கள். எழுத்துருவின் பெயர், யார் தட்டச்சு செய்தது, எந்த ஆண்டு, எதற்காக என்று கோப்புக்கு நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். மாற்றிய பிரதியோடு மூலக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருவரின் தனிக் கணக்கில் வைக்காதீர்கள்.