கணிப்பும் தீர்ப்பும்



ஹாக்கி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பசும்புல் தரையும், வளைந்த மட்டையும், வெண்ணிறப் பந்துமே ஆகும். கனடா நாட்டிலோ அச்சொல்லைக் கேட்டவுடன் மக்கள் நினைவுக்கு வருவது பனிக்கட்டித் தரையின்மேல் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் வேறோர் ஆட்டம். அவ்வாட்டத்தில் புதிதாகக் களமிறங்கும் இளம் தடுப்பாட்டக்காரனை ரசிகர்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர், அம்மதிப்பீடு எங்கே பிழைபடுகின்றது என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். ஆட்டம் தொலைவில் நடப்பதாயினும், அதில் எழும் வினா நம் வகுப்பறையிலும் வீட்டிலும் நாள்தோறும் எழுவதுதான்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் ஆட்டங்கள் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனிக்களத்தில் நடைபெறுகின்றன. களத்தைச் சுற்றிலும் உறுதியான பலகைச் சுவர் உண்டு. பந்துக்குப் பதிலாக, மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள கெட்டியான ரப்பர் வில்லை ஒன்றை மட்டையால் செலுத்துவர். ஒவ்வோர் அணியிலும் ஒரே வேளையில் அறுவர் ஆடுவர். கோல் காப்பாளர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் இருவர், முன்னணி ஆட்டக்காரர் மூவர். இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஆட்டத்தின் வேகம் மிகுதியாதலால் எவரும் ஒரு நிமிடத்திற்கு மேல் தொடர்ந்து களத்தில் நிற்பது அரிது. முக்கால் நிமிடம் ஆடியபின் வெளியேற, வேறொருவர் உள்ளே புகுவார்.

தடுப்பாட்டக்காரன் செய்யும் பணி என்ன? எதிரணியின் முன்னணி வீரன் முழு வேகத்தில் பாய்ந்து வருகையில், இவன் அவனைப் பார்த்தவாறே பின்னோக்கிச் சறுக்கவேண்டும். இருவருக்கும் இடையேயுள்ள தூரம் மிகக் குறைந்தால் எதிரி ஒரு திருப்பத்தில் கடந்துவிடுவான். மிக அகன்றால் நின்று குறிபார்த்து அடித்துவிடுவான். நடுக்களத்தை அடைத்து, எதிரியைச் சுவரோரம் ஒதுக்கி, மட்டையை நீட்டி அவன் வழியை மறித்து, கைப்பற்றிய வில்லையை நொடிப்பொழுதில் தன் தோழனுக்கு அனுப்பவேண்டும். இவையனைத்தையும் அவன் செம்மையாகச் செய்தால் விளைவது யாது? ஒன்றும் விளைவதில்லை! கோல் விழவில்லை, கூட்டம் ஆரவாரிக்கவில்லை, மறுநாள் செய்தித்தாளில் அவன் பெயரும் வருவதில்லை.

அவன் பிழை செய்தாலோ நிலைமை வேறு. முன்னணி வீரன் எதிரியின் எல்லையில் வில்லையை இழந்தால், அதை மீட்கப் பின்னால் தோழர்கள் இருக்கின்றனர். தடுப்பாட்டக்காரன் தன் எல்லையில் இழந்தால், பின்னால் இருப்பவர் கோல் காப்பாளர் ஒருவரே. கோல் விழுந்ததும் எதிரணியின் வெற்றி விளக்கு எரிகின்றது. ஆயிரக்கணக்கான கண்கள் ஒருவனையே நோக்குகின்றன. நல்ல பணி கண்ணுக்குப் புலப்படாமலும், பிழை மட்டும் வெளிச்சத்திலும் இருக்கும் தொழில் அது. இளம் தடுப்பாட்டக்காரனை மதிப்பிடுவதிலுள்ள முதல் இடர்ப்பாடு இதுவே.

இரண்டாம் இடர்ப்பாடு எண்களைப் பற்றியது. ஒரு வீரன் களத்தில் நிற்கும்போது தன் அணி போடும் கோலுக்கு ஒன்று கூட்டியும், எதிரணி போடும் கோலுக்கு ஒன்று கழித்தும் ஒரு கணக்கு வைப்பர். இதனைக் கூட்டல் கழித்தல் கணக்கு என்பர். சில விதிவிலக்குகள் இதற்கு உண்டு. எளிமையான கணக்குத்தான், ஆனால் அதில் அடங்கியிருப்பவை பல. கோல் காப்பாளர் தூக்கக் கலக்கத்தில் விட்ட கோலும் இளைஞன் தலையில் விழும். தன்னுடன் இணையாக ஆடுபவன் செய்த பிழையும் அவ்வாறே. எதிரணியின் தலைசிறந்த வீரர்களை எதிர்த்து நிறுத்தப்பட்டவனுக்கும், எளிய எதிரிகளை மட்டும் சந்தித்தவனுக்கும் ஒரே அளவுகோல். பத்து ஆட்டங்களில் ஒருவனுக்குக் கழித்தல் மூன்று வந்தால், அம்மூன்றில் அவன் பங்கு எத்துணை என்பதை அவ்வெண் கூறாது. நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு முறை தலை விழக் கண்டவன், அந்த நாணயம் பழுதுற்றது என்று சாதிப்பது முறையாகுமா?

இனி ஒரு மெய்யான வரலாற்றைக் காண்போம். லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும். 2009ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாமவர் ஜான் டவாரெஸ். இரண்டாமவர் சுவீடன் நாட்டின் விக்டர் ஹெட்மன். மூன்றாமவர் மாட் டுஷேன். இவர்களுள் ஹெட்மன் ஒருவரே தடுப்பாட்டக்காரர். ஏறத்தாழ ஆறரை அடி உயரமுடைய அவ்விளைஞரை ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா பே லைட்னிங் அணி தேர்ந்துகொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் லீக் ஆட்டங்கள் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு.

கோல் போட்டவருக்கும், அதற்குத் துணைநின்று வில்லையை அளித்தவருக்கும் ஒவ்வொரு புள்ளி தருவது அந்த லீக்கின் வழக்கம். அம்முதற் பருவத்தில் டவாரெஸ் பெற்றவை 54 புள்ளிகள். டுஷேன் பெற்றவை 55. ஹெட்மன் 74 ஆட்டங்களில் பெற்றவை 20. அவருடைய கூட்டல் கழித்தல் கணக்கோ கழித்தல் மூன்று. எண்களை அருகருகே வைத்துப் பார்த்த ரசிகருக்கு என்ன தோன்றியிருக்கும்? "இரண்டாம் இடத்தில் இவரையா எடுத்தார்கள், மூன்றாமவரை எடுத்திருக்கலாகாதா?" என்ற கேள்வி எழுவது இயல்பே.

முன்னணி வீரரோடு ஒப்பிடுதல் முறையன்று என்று நீங்கள் மறுக்கலாம். சரி, தடுப்பாட்டக்காரர் ஒருவரோடே ஒப்பிடுவோம். அதே பருவத்தில், அதே போன்று நெடிய உருவமுடைய மற்றோர் இளம் தடுப்பாட்டக்காரரும் லீக்கில் புகுந்தார். அவர் பஃபலோ அணியின் டைலர் மயர்ஸ். ஹெட்மனைவிட ஏறக்குறைய ஓர் ஆண்டு மூத்தவர். மயர்ஸ் 82 ஆட்டங்களும் ஆடி 48 புள்ளிகள் பெற்றார். கூட்டல் பதின்மூன்று என்னும் கணக்கும் பெற்றார். ஆண்டின் சிறந்த புதுமுகத்திற்குரிய கால்டர் நினைவுக் கோப்பை 2010இல் அவருக்கே வழங்கப்பட்டது. அன்று எவரேனும் உங்களிடம், "இவ்விருவருள் யார் உயர்ந்தவர்?" என்று வினவியிருந்தால் நீங்கள் மயர்ஸையே கூறியிருப்பீர்கள். நானும் அவ்வாறே கூறியிருப்பேன்.

அடுத்த மூன்று பருவங்களில் ஹெட்மன் பெற்ற புள்ளிகள் முறையே 26, 23, 20. கூட்டல் கழித்தல் கணக்கில் ஓராண்டு கூட்டல் மூன்று, மறு ஆண்டு கழித்தல் ஒன்பது, அதற்கடுத்த ஆண்டு கூட்டல் ஒன்று. முதல் நான்கு பருவங்களிலும் சேர்த்து 258 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் பதினாறே. ஆயினும் அந்நான்காம் பருவத்தைக் கூர்ந்து நோக்குங்கள். ஊதியப் பிணக்கினால் அப்பருவம் சுருக்கப்பட்டது. ஹெட்மன் ஆடியவை 44 ஆட்டங்களே. முதற்பருவத்தில் 74 ஆட்டங்களில் பெற்ற அதே 20 புள்ளிகளை இப்போது 44இல் பெற்றிருக்கிறார்! மொத்தத்தை மட்டும் பார்த்தவர் தேக்கத்தைக் கண்டார். வகுத்துப் பார்த்தவர் வளர்ச்சியைக் கண்டிருக்க முடியும்.

ஐந்தாம் பருவத்தில் ஹெட்மன் 75 ஆட்டங்களில் 55 புள்ளிகள் பெற்றார். 2018இல் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரருக்குரிய நாரிஸ் நினைவுக் கோப்பை அவரை வந்தடைந்தது. 2020இலும் 2021இலும் டாம்பா அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2020ஆம் ஆண்டு இறுதிக்கட்டப் போட்டிகளின் மிகச் சிறந்த வீரர் என்னும் விருதும் ஹெட்மனுக்கே கிடைத்தது. 2024இல் அணித்தலைவரும் ஆனார். மயர்ஸின் வரலாறு யாது? அவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய மதிப்புக்குரிய வீரரே. ஆனால் முதலாண்டில் பெற்ற அந்த 48 புள்ளிகளை அதன்பின் எந்தப் பருவத்திலும் அவர் கடக்கவில்லை. தொடக்கத்தில் பெற்ற கைதட்டலும் முடிவைக் காட்டவில்லை. தொடக்கத்தில் எழுந்த ஐயமும் முடிவைக் காட்டவில்லை.

இதற்குக் காரணங்கள் உண்டு. சுவீடன் முதலிய நாடுகளின் களம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடையது. வட அமெரிக்கக் களம் அதனினும் பதின்மூன்று அடி குறுகியது. அகன்ற களத்தில் பழகிய கண்ணும் காலும் குறுகிய களத்தின் கோணங்களைப் புதிதாகக் கற்கவேண்டும். சிந்திக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. மேலும், கோல் வாயிலின்முன் முப்பது வயது வீரனைத் தோளால் தள்ளி நிறுத்தும் வலிமை பதினெட்டு வயது உடலுக்கு உடனே வாய்ப்பதில்லை. எப்போது முன்னேறிச் செல்வது, எப்போது பின்தங்கி நிற்பது என்னும் விவேகமோ, பலமுறை தவறிப் பெறவேண்டியது.

"அப்படியானால் மதிப்பிடவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு நான் கூறவில்லை. பயிற்சியாளர் மதிப்பிட்டே தீரவேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒப்பந்தம் செய்துகொண்ட வீரன் ஒரு பருவத்தில் பத்து லீக் ஆட்டங்கள் ஆடிவிட்டால், அவனுடைய ஒப்பந்தத்தில் ஓராண்டு கழிந்ததாகக் கணக்கிடுவது அங்கு வழங்கிவரும் விதி. ஆகவே ஒன்பதாம் ஆட்டம் முடிந்தவுடன், அவனை வைத்துக்கொள்வதா, மேலும் பயில அனுப்பிவிடுவதா என்று அணியினர் முடிவெடுப்பதுண்டு. ஒன்பது ஆட்டங்கள் மிகச் சிறிய சான்றுதான். ஆயினும் அவர்கள் கூறுவது, "இவ்வாண்டு இவன் இங்கே ஆடலாமா?" என்னும் வினாவுக்கு மட்டுமே விடை. அடுத்த ஆண்டு அவனை மீண்டும் அழைத்துப் பார்ப்பர். இது கணிப்பு. "இவன் தேறமாட்டான்" என்று கூறிக் கதவைச் சாத்திவிடுவது தீர்ப்பு. கணிப்பு புதிய சான்று வந்ததும் திருந்தும். தீர்ப்போ சான்றைத் தேடுவதையே நிறுத்திவிடும்.

ரசிகர் கூட்டத்தின் தீர்ப்பு எத்துணை நிலையற்றது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. லாரி மர்ஃபி என்பவர் 1980-81ஆம் பருவத்தில் 76 புள்ளிகள் பெற்றார். புதுமுகத் தடுப்பாட்டக்காரர் எவரும் அதற்குமுன் அத்துணை பெற்றதில்லை. அவரே பின்னாளில் டொராண்டோ அணியில் ஆடியபோது, வில்லை அவர் மட்டையைத் தொட்டாலே சொந்த ரசிகர்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். 1997 மார்ச்சில் அவர் டெட்ராய்ட் அணிக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டும் மறு ஆண்டும் டெட்ராய்ட் ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2004இல் ஹாக்கிப் பெருமக்கள் மண்டபத்தில் மர்ஃபியின் பெயர் இடம்பெற்றது.

இளம் வீரனை முறையாகக் கணிக்க விரும்புவோர் செய்யவேண்டியவை சில. வில்லை அவனிடம் இல்லாதபோது அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். அவனுக்கு இணையாக ஆடுபவர் யார், எதிர்ப்பவர் யார் என்று பாருங்கள். அக்டோபரில் செய்த பிழையை ஜனவரியிலும் செய்கிறானா, அல்லது வேறு புதுப் பிழை செய்கிறானா என்று பாருங்கள். புதுப் பிழை செய்பவன் பழையதைக் கடந்து வந்திருக்கிறான். மூன்றாமவன் பெற்ற எண்ணோடு ஒப்பிடுவதற்குமுன், அவனுடைய சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இவற்றையெல்லாம் பிறருக்குக் கூறும் தகுதி எனக்கு உண்டா என்று எண்ணிப் பார்க்கிறேன். நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஏழு வாரமே என் வகுப்பில் இருந்த மாணவன் ஒருவனின் முதற்பருவ அறிக்கையில், "படிப்பில் நாட்டமில்லை" என்று எழுதினேன். அவன் வாய்விட்டுப் படிக்கும்போது திக்குவான். அது கண்டே அவ்வாறு எழுதினேன். எழுத்துத் தேர்வுத் தாள்களைப் பொறுமையாகப் பார்க்கவில்லை. அவ்வறிக்கையைக் கண்ட அவன் தந்தையார் அடுத்த மாதமே அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கடையில் அமர்த்திவிட்டார். பின்னர் அலமாரியைத் துப்புரவு செய்கையில் அவனுடைய கணக்குத்தாள் கிடைத்தது. எல்லா விடைகளும் சரி. நான் தேடிச் சென்றபோது அக்குடும்பம் வேற்றூர் போய்விட்டிருந்தது. அவன் பிற்பாடு என்னவானான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஹெட்மனுக்கு 258 ஆட்டங்கள் காத்திருந்த ஓர் அணி வாய்த்தது. அம்மாணவனுக்கு நான் ஏழு வாரமே கொடுத்தேன். நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் அலுவலகங்களில் புதியவர்களுக்கு மேலதிகாரிகளாவீர்கள். ஆட்டம் பார்க்கும் ரசிகராக எல்லோருமே இருப்பீர்கள். புதியவன் ஒருவனைப் பற்றி எழுதப் பேனாவை எடுக்கும்போது, எத்தனை நாள் பார்த்து எழுதுகிறோம் என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள். அவ்வெண் சிறியதாயிருந்தால், அதற்குக் கீழே எழுதும் சொற்களும் தாமாகவே அடக்கம் பெறும்.