அடுக்கில் உறங்கும் படகுகள்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை போடப்பட்டது. அன்று சரக்குக்குரிய துறையாயிருந்த அக்கடலோரம், இன்று விடுதிகளும் இன்பப் படகுகளும் நெருங்கிய இடமாகிவிட்டது. கரையோ நீளவில்லை.

நீரில் கட்டிய படகு தன் இடத்தை முழுநாளும் அடைத்துக்கொள்ளும். அதன் அடியில் பாசியும் கொட்டலசும் பற்றும். தமிழகப் பரதவர் கட்டுமரத்தைக் கரையேற்றி உலர்த்தியதும் மரம் நீரூறிக் கனத்துவிடும் என்பதாலேயே. ஆகவே படகுகளை நிலத்தில் அடுக்கடுக்காக நிறுத்தும் முறை பிறந்தது.

இதற்கு முதலில் பயன்பட்டவை பெரிய போர்க்லிஃப்ட் வண்டிகள். இங்கேதான் சிக்கல். பன்னிரண்டு மீட்டர்ப் படகைச் சுமந்து வண்டி திரும்புவதற்கு அதைப்போல் இரு மடங்கு அகலமுள்ள நடைவழி வேண்டும். இருபுறமும் அடுக்குகள் அமைந்தால், நாற்பத்தெட்டு மீட்டர் அகலக் கட்டடத்தில் சரிபாதி வெறும் பாதையே. பாரந்தூக்கியைக் கூரையடித் தண்டவாளத்தில் ஓடவிட்டால், படகு நீளத்துக்குச் சற்றே மிகுந்த வழி போதும்; பத்து மீட்டரளவு மிச்சமாகும். அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் கணினியே இயக்கும் இத்தகைய கூடம் இருக்கிறது.

கட்டுவதுதான் கடினம். நீரோரத் தரை பெரும்பாலும் சேறு. தண்டவாளத்தின் ஒரு முனை சிறிதளவு தாழ்ந்தாலும் தூக்கி தடம் பிசகும். ஆதலால் கடைக்கால் தூண்கள் உறுதியான அடிமண்வரை இறங்க வேண்டும். அவற்றைச் சம்மட்டியால் அறைந்தால் பக்கத்துக் கரைச்சுவர் விரிசலுறும். துளையிட்டு வார்ப்பதே தக்கது. இரும்புச் சட்டங்களைக் குவித்து வைக்க இடமில்லாததால், பொருத்தும் வரிசைப்படியே அவை வந்து சேர வேண்டும். ஒரு வண்டி முறைமாறி வந்தால் அன்றைய வேலை நின்றுபோகும்.

காற்றையும் மறத்தலாகாது. 1992ஆம் ஆண்டின் ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின் புளோரிடா தன் கட்டட விதிகளை இறுக்கியது. நமக்குச் சூறாவளி அரிது. ஆயினும் உயர்ந்த கூடத்தின் அகன்ற சுவர் பாய்மரம்போல் காற்றை வாங்கும். எரிபொருள் நிறைந்த நாரிழைப் படகுகளைத் தீயினின்று காப்பது அதனினும் பெரிய கவலை.

எல்லாப் படகுகளும் ஒரே தூக்கியை நம்பியிருப்பதை நான் குறையென்றே கருதுகிறேன். அது பழுதுபட்டால் எந்தப் படகும் வெளிவராது. மாற்று மின்னாக்கியும் கையால் இயக்கும் வழியும் தொடக்க வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். போர்ட்டிக்சனில் அமைப்பதாயின், உவா நாள்களின் வற்றத்தையும் கணக்கிட்டு, தூக்கியின் கை அத்தாழ்நீர் மட்டத்துக்குக் கீழும் எட்டுமாறு செய்தல் வேண்டும். மீனவர் தோணி இறக்கும் கரையையும் அதற்காக அடைத்துவிடலாகாது.