பொருளியலில் முனைவர் பட்டம்: தகுதியும் வழிமுறையும்

ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீசத் தொடங்கியதும் குற்றாலத்து ஐந்தருவிப் பகுதியில் கடைகள் பெருகிவிடும். நீர்வரத்து மிகுந்து குளிக்கத் தடை விதிக்கப்படும் நாள்களில் அக்கடைகளின் வணிகம் முடங்கிவிடும். "உஸ்தாத், இது முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பொருளாகுமா?" என்று மாணவர் ஒருவர் என்னிடம் வினவினார். ஐயமின்றி ஆகும். ஆயினும் அப்பட்டத்திற்குரிய தகுதிகளை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, முதுகலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். நான்காண்டு இளங்கலை பயின்றோர்க்கு அது 75 விழுக்காடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குட்பட்ட பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. என் பழைய மாணவர் ஒருவர் 52 விழுக்காடு பெற்றிருந்தார். அவர் அணுகிய அலுவலகத்தில் இத்தளர்வைக் கூறாமலே திருப்பியனுப்பிவிட்டனர். அவருக்கு ஓராண்டு வீணாயிற்று. விதியை நாமே படித்தறிவதன் இன்றியமையாமை இதனால் விளங்கும். ஆலிம் ஸனது பெற்றோரும் பல்கலைக்கழகப் பட்டமின்றி இத்துறையில் நுழைய இயலாது.

நெட் தேர்வின் மதிப்பெண்ணாலோ, பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வாலோ சேர்க்கை நடைபெறுகிறது. பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் அறுவருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மட்டுமே ஒரே காலத்தில் நெறியாளராக இருக்கலாம். எனவே இடமுள்ள நெறியாளரை முன்னரே நாடுதல் நன்று. எம்.ஃபில். பட்டம் இந்நெறிமுறைகளால் நிறுத்தப்பட்டுவிட்டது.

சேர்ந்தபின் குறைந்தது 12 கிரெடிட் அளவிலான பாடங்களைப் பயின்று தேற வேண்டும். ஆய்வு முறையியலும் வெளியீட்டு அறமும் அவற்றுள் அடங்கும். பொருளியல் மாணவர்க்குக் கணிதமும் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் இன்றியமையாதவை. நம் மாணவர் பலர் தயங்கி நிற்பது இங்கேதான்.

அத்தயக்கம் தேவையற்றது என்பதை ஐந்தருவியே உணர்த்தும். வருமானம் குறைந்தது தடையினாலா, விலையேற்றத்தினாலா? தடையை விதிப்பது மழையேயன்றிக் கடைக்காரர் அல்லர். ஆகவே ஒரே பருவத்தில் தடையுள்ள நாள்களையும் தடையற்ற நாள்களையும் ஒப்பிட்டால் காரணத்தைப் பிரித்தறியலாம். அளவையியல் கற்பிப்பது இத்தகைய பிரித்தறிதலையே.

இம்மரபு நம் பகுதிக்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவரைக் கொண்டு சிற்றூர்களை ஆராய்ந்து 1918இல் நூலாக்கினார். நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானும் அவற்றுள் ஒன்று.

ஆய்வுக்காலம் குறைந்தது மூன்றாண்டு. பொதுவாக ஆறாண்டுக்குள் முடித்தல் வேண்டும். பெண்களுக்குக் கூடுதல் காலச் சலுகை உண்டு. ஆய்வேடு கருத்துத் திருட்டுச் சோதனைக்கு உட்படும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைப் பேணியோர் மரபில் வந்த நமக்கு, ஒரு கூற்றை அதற்குரியவரோடு சேர்த்தே உரைக்கும் ஒழுக்கம் புதிதன்று. நெறியாளரும் வெளித்தேர்வாளர் இருவரேனும் ஆய்வேட்டை மதிப்பிடுவர். நிறைவாகப் பலர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு நிகழும்.

பீடி சுற்றும் பெண்களின் கூலி, வளைகுடாவிலிருந்து வரும் பணத்தின் பயன், சாரல் பொய்த்த ஆண்டின் கடன் என ஆராயப்பட வேண்டியவை தென்காசியைச் சுற்றிலும் உள்ளன. அவற்றை அருகிருந்து அறிந்த நம் இளைஞரும் இளம்பெண்டிரும் உரிய தகுதிகளைப் பெற்று இத்துறைக்கு வருதல் வேண்டும்.