பத்துப் பேர் போனால் நாற்று சீக்கிரம் வளருமா?

காரைக்கால் பக்கம் சம்பா நடவு நடக்கும்போது வரப்பில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் நட்டால் பத்து நாள் ஆகும் வயலை, பத்துப் பேர் இறங்கினால் ஒரே நாளில் முடித்து விடுவார்கள். ஆனால், நாற்றங்காலில் நாற்று வளர சுமார் 25 நாள் ஆகும். நூறு பேர் போய் நின்றாலும் அது சீக்கிரம் வளராது!

கம்ப்யூட்டரின் கதையும் இதேதான்.

கம்ப்யூட்டருக்காகக் கணக்குப் போடுவது பிராசசர். ரொம்ப காலம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு பிராசசர்தான் இருந்தது. 'இரண்டு வைத்தால் என்ன?' என்று ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் பிரியர்களுக்காக, ஏபிட் நிறுவனம் 1999ல் பி.பி.6 என்ற மதர்போர்டை விற்றது. அதில் விலை குறைந்த செலரான் பிராசசர்கள் இரண்டைப் பொருத்தலாம். 2006ல் ஏ.எம்.டி.யின் 'குவாட் எப்.எக்ஸ்' வந்தது. இரண்டு பிராசசர், ஒவ்வொன்றிலும் இரண்டு 'கோர்'. தனியாகக் கணக்குப் போடும் பகுதிக்குத்தான் கோர் என்று பெயர். 2008ல் இன்டெலின் 'ஸ்கல்டிரெயில்' வந்தது. அதில் மொத்தம் எட்டு கோர்!

அப்படியானால் எட்டு மடங்கு வேகமா? அதுதான் இல்லை. அன்றைய பல கேம்களுக்கு வேலையைப் பங்கு போடத் தெரியாது. ஒரு கோர் உழைக்க, மற்றவை சும்மா இருந்தன. கரன்ட் செலவும் சூடும்தான் அதிகம்!

ஆனால், பங்கு போடக்கூடிய வேலை கிடைத்தால்?

1980களில் இந்தியா கேட்ட அதிவேக சூப்பர் கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்தது. உடனே, 1988ல் புனே நகரில் சி-டாக் என்ற அமைப்பை நம் அரசு தொடங்கியது. விஞ்ஞானி விஜய் பட்கர் தலைமையில், சின்னச் சின்ன பிராசசர்கள் 64ஐச் சேர்த்து, 1991ல் 'பரம் 8000' உருவானது. சி-டாக் பிற்காலத்தில் செய்த 'பரம் ஷாவக்', மேசையருகே வைத்துக்கொள்ளும் அளவுதான். பல கோர்கள் கொண்ட இரண்டு பிராசசர்கள் அதில் உண்டு!

இதனால் நமக்கு என்ன பயன்? 2018 நவம்பர் 16ல் நம் கரையோரத்தைத் தாக்கியதே கஜா புயல், நினைவிருக்கிறதா? இதுபோன்ற புயல் எங்கே போகும் என்று கணிக்க, வானத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பிராசசருக்கும் சில கட்டங்களைக் கொடுப்பார்கள். நாளைய புயலைக் கணிக்க இரண்டு நாள் எடுத்தால், கடலுக்குப் போன மீனவர்களை எப்படிக் கரைக்கு அழைப்பது? அதனால்தான் வேகம் வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு வேலைக்கு 10 மணி நேரம் ஆகிறது. அதில் 1 மணி நேர வேலையைப் பங்கு போட முடியாது. மீதி 9 மணி நேர வேலையை 9 பிராசசர் பகிர்ந்தால், மொத்தம் 2 மணி நேரம். 90 பிராசசர் பகிர்ந்தால்? 1 மணி 6 நிமிடம். ஆயிரம் வைத்தாலும் 1 மணி நேரத்துக்குக் கீழே இறங்காது! இதை 1967லேயே சொன்னவர் ஜீன் அம்தால்.

இன்று பல செல்போன்களிலேயே எட்டு கோர் இருக்கிறது. 'எத்தனை கோர்?' என்று யாராவது பெருமையடித்தால், 'வேலையைப் பங்கு போட முடியுமா?' என்று திருப்பிக் கேளுங்கள்!