குறித்த நேரத்து வேலை ஏன் தவறுகிறது?

வீட்டுக் கணிப்பொறியில் நாம் நாள்தோறும் நினைவு வைத்துச் செய்ய முடியாத வேலைகள் சில உண்டு. குடும்பப் படங்களை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல், தேவையற்ற கோப்புகளை நீக்குதல் முதலியன அத்தகையவை. இவற்றை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் குறித்த நேரத்தில் கணிப்பொறியே செய்துவிடும். லினக்ஸ் கணிப்பொறிகளில் இப்பணியைக் கவனிக்கும் நிரலின் பெயர் 'கிரான்'. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. இன்று பல லினக்ஸ் கணிப்பொறிகளில் இயங்குவது, 1987-இல் பால் விக்சி எழுதிய கிரானும் அதன் வழிவந்தவையும் ஆகும்.

இத்தகைய வேலை தவறினால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. படியெடுக்கும் வேலை ஆறு மாதங்களாக நடக்கவில்லை என்பது, மூல வட்டு பழுதான அன்றுதான் நமக்குத் தெரியவரும்.

கிரான் எவ்வாறு இயங்குகிறது?

கிரான் நிமிடத்திற்கு ஒருமுறை விழித்துக்கொள்கிறது. தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்க்கிறது. அந்த நிமிடத்திற்கு உரிய வேலை இருந்தால் அதைத் தொடங்கிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது. அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து இடங்கள் உண்டு. அவை முறையே நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. '0 2 * * *' என்று எழுதினால் நாள்தோறும் இரவு 2 மணிக்கு என்று பொருள். நட்சத்திரக் குறி 'எதுவாயினும் சரி' என்பதைக் குறிக்கும்.

இங்கேயே ஒரு சிக்கல் உண்டு. '0 2 13 * 5' என்று ஒருவர் எழுதுகிறார். 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வரும் நாளில் மட்டும் வேலை நடக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரானுக்குப் போதும். ஆகவே எல்லா வெள்ளிக்கிழமைகளிலும், எல்லா 13-ஆம் தேதிகளிலும் அந்த வேலை நடக்கும்.

முதல் கேள்வி: வேலை தொடங்கியதா?

பிழையைத் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது கணிப்பொறியின் பதிவேடு. கிரான் ஒரு வேலையைத் தொடங்கும்போது நேரத்தையும் ஆணையையும் அதில் பொதுவாகக் குறித்து வைக்கும். அக்குறிப்பு இல்லையென்றால் குற்றம் அட்டவணையிலோ நேரத்திலோ இருக்கிறது. இருந்தால், குற்றம் அந்த வேலைக்குள் இருக்கிறது. இந்த ஒரு கேள்வியே நம் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வேலை தொடங்கவே இல்லை எனில், அந்நேரத்தில் கணிப்பொறி இயங்கிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். இரவு 2 மணிக்கு அது அணைக்கப்பட்டிருந்தால், காலையில் விழித்ததும் விட்டுப்போன வேலையைக் கிரான் செய்யாது. அத்தகைய வீடுகளுக்கு 'அனகிரான்' ஏற்றது. கடைசியாக வேலை நடந்த நாளை அது குறித்து வைத்து, நாள் கடந்திருந்தால் பிறகு செய்து முடிக்கும்.

டெபியன் வகை லினக்ஸில் இன்னொரு காரணமும் உண்டு. அன்றாட வேலைகளுக்கென உள்ள கோப்பகத்தில் போடும் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால், அக்கோப்பு பேசாமல் ஒதுக்கப்பட்டுவிடும். பெயரிலுள்ள புள்ளியை எடுத்துவிட்டாலே வேலை நடக்கும்.

கையால் இயக்கினால் நடக்கிறதே!

பலரையும் குழப்புவது இதுதான். நாமே தட்டச்சு செய்தால் சரியாக நடக்கும் ஆணை, கிரான் இயக்கினால் தவறுகிறது. ஏன்? நாம் கணிப்பொறிக்குள் நுழையும்போது நிரல்களை எந்தெந்தக் கோப்பகங்களில் தேடுவது என்னும் பட்டியல் நமக்காக ஆயத்தமாகிறது. கிரானுக்குக் கிடைப்பதோ மிகச் சிறிய பட்டியல். நம் வீட்டுச் சமையலறையில் உப்பு இருக்கும் இடம் நமக்குத் தெரியும். புதிதாக வந்தவருக்குத் தெரியுமா? அதுபோன்றதே இதுவும். நிரலின் பெயரை மட்டும் எழுதாமல், அது இருக்கும் முழுப் பாதையையும் எழுதுவதே இதற்கு மருந்து.

வேலை முடியும்போது அது திருப்பித் தரும் எண்ணையும் கவனிக்கலாம். 0 என்றால் வெற்றி. 127 என்றால் பெரும்பாலும் ஆணை கிடைக்கவில்லை என்று பொருள். 126 என்றால் கிடைத்தது, ஆனால் இயக்க முடியவில்லை. பெரும்பாலும் அனுமதிக் குறைவே காரணம்.

சதவீதக் குறியும் (%) தொல்லை தரும். கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்க்க இக்குறி பயன்படும். ஆனால் அட்டவணையில் அதைக் கண்டால் வரி அங்கே முடிந்ததாகக் கிரான் கொள்ளும். அதன் முன் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும்.

ஒரு வேலை முடியுமுன் அதே வேலை மறுபடி தொடங்குவதும் உண்டு. 5 நிமிடத்திற்கு ஒருமுறை என எழுதிய வேலை 8 நிமிடம் எடுத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே கோப்பில் மோதிக்கொள்ளும். வேலையின் தொடக்கத்தில் ஒரு பூட்டு இட்டால், முன்னது முடியும்வரை அடுத்தது தொடங்காது.

வெளிவட்டில் படியெடுப்போர் ஒன்றை மறக்கலாகாது. வட்டு இணைக்கப்படாத நாளிலும் அதற்குரிய கோப்பகம் வெறுமையாக இருக்கக்கூடும். அப்போது படி அங்கேயே எழுதப்பட்டு, மூல வட்டையே நிரப்பும். வட்டு இணைந்துள்ளதா என்று முதலில் சோதிக்கும்படி வேலையை அமைப்பது நல்லது.

செய்தியை அடக்காதீர்கள்

வேலை வெளியிடும் செய்திகளைக் கிரான் அஞ்சலாக உரியவருக்கு அனுப்பும். ஆனால் பல வீட்டுக் கணிப்பொறிகளில் அஞ்சல் நிரலே இருப்பதில்லை. பிழைச் செய்தியும் மறைந்து போகிறது. திரும்பத் திரும்ப வரும் பிழைச் செய்தியைச் சலிப்பில் தாமே அடக்கிவிடுவோரும் உண்டு. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைத்துப் போடுவதற்கு இது ஒப்பாகும். செய்திகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, வாரம் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அதோடு, மாதத்திற்கு ஒருமுறை படி வட்டிலிருந்து ஏதேனும் ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால்தான் வேலை நடந்திருக்கிறது என்று நம்பலாம்.